கழற்றிப் போட்ட சைலன்சர்

சங்ககிரியில் எந்தப் பொருளைப் பற்றி யோசனை கேட்டாலும் பதில் லாரிக் கணக்கில்தான் வரும். ஊர் அப்படி. பைபாஸ் நெடுகப் பட்டறைகள்: பட்டை மாற்றுகிறவர், ரேடியேட்டர் அடைக்கிறவர், டயருக்கு ரீட்ரெட் போடுகிறவர், தார்ப்பாய் தைக்கிறவர். "எத்தன நாளைக்கு வருமுங்க?" என்பது முதல் கேள்வி. "பாக்க எப்படி இருக்கு?" என்பதைக் கேட்டால் கேட்கலாம், இல்லாவிட்டால் போகலாம். நானும் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து வாடகை பேசிப் பிழைக்கிறவன்தான். ஆனால் என் புல்லட்டுக்குச் சைலன்சர் தேட ஆரம்பித்ததும், அறுபது வயது லாரி முதலாளி உட்பட அத்தனை பேரும் கேட்டது ஒன்றே ஒன்று: "சவுண்டு எப்படி வரும்?"

வண்டி 2014 மாடல் கிளாசிக் 350. யூ.சி.இ. எஞ்சின், கார்புரேட்டர். சைலன்சரின் அடிப்பக்கம், வால் பகுதிக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு இற்றுவிட்டது. மழைத் தண்ணீரால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். துரு உள்ளேயிருந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், ஆவியாக. சேலம் வரை ஒரே ஓட்டமாகப் போனால் சைலன்சர் முழுக்கச் சூடேறி அத்தனையும் வெளியேறிவிடும். வீட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து ஆபீஸ் என்று ஓட்டினால், சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து, அடிவயிற்றில் தேங்கும். அது வடிவதற்காகத்தான் பல சைலன்சர்களின் அடியில் சின்னத் துளை ஒன்று விட்டிருப்பார்கள். காலையில் அதிலிருந்து சொட்டுவதைப் பார்த்துப் பயந்து எம்-சீல் வைத்து அடைக்கிற புண்ணியவான்களும் உண்டு.

சரி, எதை வாங்குவது?

புல்லட்டுக்கு மட்டும் சந்தையில் கிடைக்கும் பெயர்களைச் சொன்னால் கல்யாண மெனு மாதிரி நீளும். இந்தூரி, பஞ்சாப், மெகாஃபோன், டால்ஃபின், கோல்ட்ஸ்டார். ஆயிரம் ரூபாயிலிருந்து ஆரம்பம். பெயர் எதுவானாலும் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரே சமாச்சாரம்: ஓட்டை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி கிளாஸ் வுல், அதற்கு மேல் குரோம் பூசிய இரும்புத் தகடு. கம்பெனிச் சைலன்சர் வேறு சாதி. உள்ளே அறை அறையாகத் தடுத்து, புகையை முன்னும் பின்னும் திருப்பிவிட்டு, சத்த அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவது. தடுப்புத் தகடு துருப்பிடிக்கலாம், ஆனால் எரிந்து போகாது. கிளாஸ் வுல் அப்படியில்லை. விலை குறைந்த குழாயில் அதை வைப்பதே கொஞ்சம்தான். சூட்டிலும் அழுத்தத்திலும் தூளாகிப் பின்பக்கமாகப் பறந்துவிடும். கடை வாசலில் ஸ்டார்ட் செய்து காட்டும்போது "பேஸ்" அருமையாக இருக்கும். சில மாதம் போனால் தகர டப்பா சத்தம். வாங்கினவர் காதுக்கு அது மெல்ல மெல்லப் பழகிவிடுவதால் அவருக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும்.

புல்லட் சத்தத்தை எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை நான். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும்போது நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் நொடிக்கு எட்டு தடவைதான் வெடிக்கிறது. எண்ணிவிடலாம் போலத் தோன்றும் அந்த இடைவெளிதான் அதன் அழகு. சிக்கலும் அதில்தான். இவ்வளவு தாழ்ந்த அதிர்வைச் சுவரோ ஜன்னலோ தடுக்காது. நம் பக்கத்து வீட்டில் தூளியில் கிடக்கிற குழந்தைக்குப் போய்ச் சேரும்.

ஓட்டுகிறவர் காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, அப்படியே இறங்கி 100 வந்தால் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்தில் இங்கிருந்து திருச்செங்கோடே ஒழுங்காகப் போய்ச் சேர முடியாது.

இந்த இடத்தில் என் அக்கா மகன் வருகிறான். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கிறான், பி.எஸ். 6 வண்டி, 200 சிசி. நான் சைலன்சர் தேடுவது தெரிந்ததும் செல்போனை நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. யுனிவர்சல். எல்லா வண்டிக்கும் சேரும். ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். சத்தத்தக் கொறைக்கிற டிபி கில்லரோட வருது."

வாய் 51 மில்லிமீட்டர், கூடவே குறைப்பதற்கு இரண்டு வளையம், இழுத்துப் பிடிக்க மூன்று ஸ்பிரிங். மேலே அக்ரபோவிச் என்று லேசரில் அடித்த தகடு. அக்ரபோவிச் சுலோவேனியா நாட்டுக் கம்பெனி, டைட்டானியத்தில் செய்வது, அசல் சாமானுக்கு அவன் வண்டி விலையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டி வரும். ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வருவது அந்தத் தகடு மட்டும்தான்.

"மாப்ள, எல்லா வண்டிக்கும் சேருதுன்னா எந்த வண்டிக்கும் செஞ்சதில்லன்னு அர்த்தம்."

"மாமா, நீங்க ஒரு கார்புரேட்டர் வண்டிய வச்சுகிட்டு..."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவன் வண்டிப் பிரச்சினை வேறு, என் வண்டிப் பிரச்சினை வேறு. கார்புரேட்டர் வண்டியில் அடைப்பில்லாத சைலன்சரைப் போட்டால் காற்று–பெட்ரோல் கலவை வறண்டு போகும். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும், பிளக்கைக் கழற்றினால் காபிப் பொடி நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கும், எஞ்சின் சூடேறும். கைராசியான மெக்கானிக் ஜெட்டை மாற்றி ஓரளவு சரிசெய்துவிடுவார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஜெட் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து, புகையை முகர்ந்து பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கச் சொல்லிக் கொண்டிருக்கும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் பெண்ட் பைப்போடு சேர்த்து மாற்றுகிற "ஃபுல் சிஸ்டம்" போட்டால் அந்தக் கணக்கே குழம்பும். பின்பக்கக் குப்பியை மட்டும் மாற்றும் "ஸ்லிப் ஆன்" அவ்வளவு தொல்லை தராது. ஆனால் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பெண்ட் பைப்பில், சிலவற்றில் குப்பிக்குள்ளேயே. குப்பிக்குள் இருக்கிற வண்டியில் குப்பியைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து போய்விடும். புகை டெஸ்டில் வண்டி தேறாது.

"பவர் கூடும் மாமா."

கம்பெனி செய்த வண்டிக்கு ரெண்டாயிரம் ரூபாய்க் குழாயால் பவர் கூடும் என்றால் கம்பெனிக்காரன் அந்த ரெண்டாயிரத்தைச் செலவழிக்க மாட்டானா? கூடுவது சத்தம், சத்தம் கூடினால் வேகம் கூடியது போலிருக்கும். உண்மையில் நம் ஊர் ஓட்டத்துக்குத் தேவையான கீழ்ச்சுற்று இழுவை குறைகிற வாய்ப்புதான் அதிகம். ரயில்வே மேம்பாலத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மூன்றாம் கியரில் ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சைலன்சரால் பவர் கூடிக் குறைந்த வண்டி ஒன்று உண்டு, ஆர்எக்ஸ் 100. நம் பக்கம் அதற்கு இன்னும் கோயில் கட்டாத குறைதான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்சரும் எஞ்சினில் ஒரு பாகம். நடுவில் பருத்து, பின்னால் குறுகுகிற அந்த வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாமல் வெளியேறப் பார்க்கிற பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். சரிவு கொஞ்சம் மாறினாலும் வண்டி செத்துப்போகும். அதனால்தான் 1996-உடன் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு அசல் சைலன்சர் கேட்டால் சொந்தக்காரர் சொத்தைக் கேட்டது போலப் பார்க்கிறார். அந்த வண்டிக்குப் புதுசு தேடுவதைவிட, வால் பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றி, உள்குழாயை இழுத்து, கரியைச் சுட்டு எடுப்பது மேல். எங்கள் தெருவில் ஒருவர் விறகடுப்பில் வைத்தே எடுப்பார். தெருவே மணக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விலை பேச முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் பதிவான அமைப்பை நாம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகைக்கு 190(2): முதல் தடவைக்கே 10,000 வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் போகும். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் ஏழரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கைக் கடந்து போகும்போது 80 டெசிபல் தாண்டக் கூடாது என்பது 2005 ஏப்ரலிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு விதி. ரோட்டில் போலீஸ் யாரும் மைக் வைத்து அளப்பதில்லைதான். காதே போதும். பெங்களூரிலும் விசாகப்பட்டினத்திலும் பிடித்த சைலன்சர்களை ரோட்டில் போட்டு அவற்றின்மேல் ரோடு ரோலரை ஏற்றிய படம் எல்லார் போனிலும் வந்திருக்கும்.

லாரிக் கணக்கில் சொன்னால், ரெண்டாயிரம் ரூபாய்ச் சைலன்சரின் விலை ரெண்டாயிரம் இல்லை. ஒரு தடவை மாட்டினால் ஏழாயிரம். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பழைய சைலன்சரைத் தேடி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அந்தச் செலவு தனி. என் வண்டிக்கு அது 2029.

சட்டத்துக்குள் வேறு சைலன்சரே இல்லையா என்றால், ஒரு காலத்தில் வந்தது. 2019 வாக்கில் ராயல் என்ஃபீல்டே புல்லட், கிளாசிக் வண்டிகளுக்கு, விதிக்கு உட்பட்டவை என்று சொல்லி, பதினாறு வகை சைலன்சரை மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயிலிருந்து விற்றது. சத்தமில்லை என்று நம் ஆட்கள் சீந்தவில்லை. எங்காவது பழைய ஸ்டாக்கில் உங்கள் மாடலுக்கு மாட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கிடைக்காவிட்டால்? நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். புது புல்லட் எடுக்கிறவர்களில் நிறையப் பேர் முதல் சர்வீஸ் முடிவதற்குள் கம்பெனிச் சைலன்சரைக் கழற்றிவிடுகிறார்கள். அவ்வளவு கனமான, அறை அறையாகத் தடுத்த, எஞ்சினுக்கென்றே அளந்து செய்த சாமான். அது மெக்கானிக் கடைப் பரணில் கோணிச்சாக்கில் கிடக்கிறது. இன்னொருவர் மாடலும் வருஷமும் ஒத்துப்போனால் அதைவிடச் சல்லிசான, அதைவிட நல்ல, ஒரு பிரிவிலும் மாட்டாத சைலன்சர் வேறு கிடையாது. கழற்றியவருக்கு அது குப்பை, அதனால் நமக்கு அது பாதி விலைக்கும் கீழே. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். சேலம், ஈரோடு, நாமக்கல்லில் புல்லட் மட்டுமே பார்க்கிற மெக்கானிக்குகளிடம் சொல்லி வைத்தால் போதும்.

எனக்குக் கிடைத்தது அப்படித்தான். மெக்கானிக் மூன்று சைலன்சரை இறக்கித் தரையில் போட்டார்.

"எதுன்னாலும் எடுத்துக்குங்கண்ணா, ஒரே ரேட்டுதானுங்க."

ஒரே ரேட்டாக இருக்கலாம், ஒரே சரக்கு இல்லை. முதலில் இரண்டு கையாலும் தூக்கிக் காதருகே குலுக்கினேன். ஒன்றுக்குள் ஏதோ கிலுகிலுத்தது. உள்தகடு விட்டுப்போயிருக்கிறது, அதை ஓரமாக வைத்தாயிற்று. அடுத்து ஸ்பேனரின் பின்பக்கத்தால் நுனியிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு ஒரே மாதிரி கணீரென்று பேசும். இற்ற இடம் மொத்தென்று சொல்லும், பெரும்பாலும் அடிப்பக்கத்தில். பிறகு வாய். பெண்ட் பைப்பின் மேல் ஏறுகிற இடம் வட்டமாக இருக்கிறதா, கிளாம்பை முறுக்கி முட்டை வடிவமாக்கியிருக்கிறார்களா என்று விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தேன். விரலை வெளியே எடுத்து அதில் ஒட்டிய கரியையும் பார்க்க வேண்டும். காய்ந்த மை போலிருந்தால் சரி. பிசுபிசுவென்று எண்ணெயாக இருந்தால் அந்த வண்டி ஆயில் குடித்த வண்டி. சைலன்சருக்குள் ஆயில் ஊறியிருக்கும், மாட்டினால் கொஞ்ச நாளைக்கு வெள்ளைப் புகை. பிராக்கெட் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் தெரியாது.

கடைசியாக ஒன்று. குப்பியைச் சுற்றி நடுவில் எங்காவது அறுத்து மறுபடி ஒட்டவைத்த வெல்டிங் கோடு இருந்தால் வாங்காதீர்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. மாருதி ஈக்கோ வேன்களின் சைலன்சர் ஊர் ஊராகத் திருடு போனது இதற்காகத்தான். அந்தச் சாமானைத் தோண்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை விற்கிறவர்கள் உண்டு. யார் வண்டியிலிருந்து கழற்றியது என்று சொல்லத் தெரியாத ஆளிடம் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம்.

நான் எடுத்ததில் குரோமில் ஒரு கீறல். அதைக் காட்டி 1,400-க்கு முடித்தேன். 

மாட்டுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. அவசரக்காரர்கள் பின்பக்க பிராக்கெட் போல்ட்டை முதலில் முறுக்கிவிடுவார்கள். அப்புறம் முன்பக்கத்தை இழுத்து உட்கார வைக்கும்போது சைலன்சர் முழுக்க ஒரு திருகல் ஏறிவிடும். வண்டியின் அதிர்வில் அது என்றைக்காவது பிராக்கெட்டிலேயே விண்டுவரும். எல்லாவற்றையும் லூசாகத் தொங்கவிட்டு, புது கேஸ்கட் வைத்து, சிலிண்டர் ஹெட் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, பிறகு கிளாம்பு, கடைசியில் பிராக்கெட். பழைய கேஸ்கட்டையே போட்டுவிட்டு அம்பது ரூபாய் மிச்சம் பிடித்தால், அங்கே காற்று கசிந்து, ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் வெடிச் சத்தம் கேட்கும். ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் மண்ணெண்ணெய்த் துணியால் குரோம் முழுக்க ஒரு துடைப்பு. இல்லாவிட்டால் நம் கைரேகை சூட்டில் வெந்து அப்படியே பதிந்துவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

கழற்றிய பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பலாம். அடிப்பக்கம் மட்டும் இற்றிருந்து உள்தகடு உறுதியாக இருந்தால் எங்கள் ஊர் வெல்டரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டு வைத்துக்கொள்ளலாம். லாரிச் சைலன்சரை ஒட்டிப் பழகிய கைக்கு இது விளையாட்டு. ஆனால் இற்ற தகட்டில் வெல்டிங் பிடிக்காது, சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

மருமகன் யுனிவர்சலை இன்னும் வாங்கவில்லை. வாங்குவதிலிருந்து மாட்டுவது வரை கூடவே நின்றவன், தட்டிப் பார்ப்பது, விரல் விட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் கவனித்திருக்கிறான். போன வாரம் வந்து பார்த்தால் வீட்டுத் திண்ணையில் மூன்று கம்பெனிச் சைலன்சர் வரிசையாகக் கிடக்கிறது. காலேஜில் அவன் கூட்டாளிகள் கழற்றிப் போட்டது. ஆளுக்கு அறுநூறு கொடுத்து எடுத்திருக்கிறான்.

"மாமா, உங்க ஆபீஸுக்கு வர்ற டிரைவருங்க யாராச்சும் டாமினார் வச்சிருக்காங்களா கேளுங்க. ரெண்டாயிரத்து ஐநூறு. உங்களுக்காக ரெண்டுக்குக் குடுக்கறேன்."